மாம்பலத்து ரயிலைக் கழுவிய நாள்

1

மாம்பலம் ஸ்டேஷனில், ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்கும் படிக்கட்டுச் சுவரில், வெற்றிலைக் கறை எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது? தினமும் அந்த வழியாக இறங்குகிறவர்களே, உங்களுக்குத்தான் கேள்வி. தெரியாதில்லையா? எனக்குத் தெரியும். தரையிலிருந்து முக்கால் முழம். அதற்குக் கீழே துப்பினால் சொந்தச் செருப்பில் தெறிக்கும். அதற்கு மேலே துப்ப வேண்டுமானால் நின்று, நிமிர்ந்து, குறி பார்க்க வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

என் மாம்பலத்தில் அது நாலு மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய ஸ்டேஷன் அது. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், மூன்றாவது மாடியில், எங்கள் ஹாலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. நீளம் இரண்டு மீட்டர் நாற்பது. நாலு தண்டவாளம், மூன்று பிளாட்பாரம், ஒரு நடைமேம்பாலம், முந்நூற்றுச் சொச்சம் ஜனங்கள்.

இதையெல்லாம் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் கொஞ்ச நாள் முன்புவரை, நானும் வைதேகியும் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா, பெட்டியைக் கட்ட வேண்டுமா என்பது இந்த நாலு மில்லிமீட்டரை நம்பித்தான் இருந்தது. சிரிக்காதீர்கள். நானே சிரித்து முடித்துவிட்டேன்.

2

இந்த ஊரில் ரயில் பொம்மை கட்டுகிறவர்களுக்கென்று ஒரு கிளப் இருக்கிறது. பொம்மை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வந்த முதல் குளிர்காலத்தில், வெளியே போக வழியில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே எட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

தண்டவாளம் போடுவது, மின்சாரம் இழுப்பது எல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். எல்லாம் கட்டி முடித்ததும் ஸ்டேஷன் கல்யாண மண்டபம் மாதிரி பளபளவென்று இருக்கும். அதை அழுக்காக்க வேண்டும். கிளப்பில் இதை 'வயதாக்குவது' என்பார்கள். கலர் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியெடுத்து, பிரஷ்ஷால் ஒற்றுவது. கறுப்பும் பழுப்பும் கலந்த வண்ணத்தைத் தண்ணீர்போலக் கரைத்து ஓடவிட்டு, மேடான இடங்களில் துடைத்து, பள்ளத்தில் தங்கவிடுவது. ஸ்பாஞ்சை ஒற்றித் துரு உண்டாக்குவது.

ஆனால் அவர்கள் ஊர் அழுக்கு வேறு. இங்கே அழுக்கு ஈரத்தால் வருகிறது: கீழேயிருந்து பாசி, ஓடுகளில் பச்சை, கூரையிலிருந்து நேர்க்கோடாக இறங்கும் மழைத்தடம். நம்மூரில் மழை நாலு நாள் விருந்தாளி. அழுக்கு வெயிலால் வருகிறது, கையால் வருகிறது, வாயால் வருகிறது. மேற்கே பார்த்த சுவரில் பெயின்ட் பொரிந்து வெளுக்கும். மின்சார ரயிலின் வாசல் கம்பியைச் சுற்றி, எத்தனையோ உள்ளங்கைகளின் எண்ணெய் கறுப்பு வளையமாகப் படியும். தோள் உரசும் உயரத்தில் மட்டும் சுவர் பளபளக்கும். இதற்கெல்லாம் கிளப்பில் யாரிடமும் செய்முறை கிடையாது. அதனால் கன்னியப்பனைப் பிடித்தேன்.

கன்னியப்பன் என் கல்லூரித் தோழன். மேற்கு மாம்பலத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வீடியோவில் கூப்பிட்டு, படிக்கட்டுக்குப் போகச் சொல்வேன்.

"மச்சி, அந்த மூலை. இன்னும் கீழ. இன்னும்."

"டேய், எச்ச துப்புன எடத்தை போட்டோ எடுக்கிறேன்டா. ஒரு அக்கா நின்னு பாத்துக்கினு கீது. இன்னா நெனைக்கும்?"

"ஸ்கேல் வச்சியா?"

"ஸ்கேல் வேற! ஒரு சாண், ஆறு வெரல். போதுமா நைனா? அமெரிக்காவுல கீறவன் எல்லாம் வீட்டைக் கேக்குறான், நெலத்தைக் கேக்குறான். நீ எச்சக் கறையக் கேக்குற."

"நான் ஜெர்மனிடா."

"எங்க இருந்தா இன்னா, கறை அதே கறைதான்."

ஜனங்களுக்குத்தான் திண்டாட்டம். கடையில் கிடைக்கும் மனிதர்கள் எல்லோரும் ஓவர்கோட், தொப்பி, பூட்ஸ். கத்தியால் கோட்டைச் சீவி வேட்டியாக்கினேன். நீளக் கோட்டுப் பெண்களுக்குப் புடவை வரைந்தேன். பனிச்சறுக்குக் கழியோடு நின்ற ஒருவருக்குக் கழியை வளைத்துக் குடையாக்கினேன். மாம்பலத்தில் குடையோடு நிற்கிற மனிதரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஒரு நாள் என்னுடன் வேலை பார்த்த திருச்சிக்காரர் தன் மகளோடு வந்தார். ஏழு வயது, இங்கேயே பிறந்த குழந்தை. மேம்பாலத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஜெர்மனில் கேட்டது: "ஏன் எல்லாரும் ஒரே பக்கமா ஓடறாங்க? தீப்பிடிச்சிருக்கா?" அவர் சிரித்தார். பிறகு அவர் சிரிக்காமல் நின்றதையும் நான் பார்த்தேன். "பண்டிகைக் கூட்டம்மா" என்று தமிழில் சொன்னார். குழந்தைக்கு அது புரியவில்லை.

3

இப்போது கெட்ட செய்தி. நான் வேலை பார்த்த வாகன உதிரிபாகக் கம்பெனியில் எங்கள் பிரிவையே மூடினார்கள். என் தங்கும் அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது. வைதேகியின் அனுமதி என்னோடு கட்டப்பட்டது. மூன்று மாதத்துக்குள் படிப்புக்கேற்ற வேறு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். கடிதத்தில் இதை மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை கூடுகிறதோ அவ்வளவு பயப்பட வேண்டும்.

"திரும்பி வந்தா என்ன, ஊர்தானே?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நான் மயிலாப்பூரில் மாதா கோவிலை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கோவில் பாடகர் குழுவிலும் உண்டு. வைதேகி அபிராமபுரத்துப் பெண். அவள் வீட்டில் சங்கீதமும் மடியும் அதிகம். இரண்டு பேரும் தினமும் பஸ்ஸில் தி.நகர் வந்து, மாம்பலத்தில் தாம்பரம் ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போனவர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது இரண்டு வீட்டுக் கதவும் ஒரே வாரத்தில் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு மந்தைவெளி, அசோக் நகர் என்று பதினோரு வாடகை வீடு பார்த்தோம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று பதினோரு விதமாகக் கேட்டார்கள். நான் இருந்தால் அவளைக் கேட்பார்கள், அவள் இருந்தால் என்னைக் கேட்பார்கள்.

இந்த ஊரில் வீடு கிடைத்த அன்று, வீட்டுக்காரர் வாசல் மணிக்குப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரையும் ஒரே சீட்டில் அச்சடித்து ஒட்டினார். அவருக்கு அது தபால்காரருக்கான சீட்டு. வைதேகி அதன் முன்னால் நின்றுகொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றாள்.

அந்தச் சீட்டைத்தான் இப்போது பிய்க்கச் சொல்கிறார்கள்.

விண்ணப்பம் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். "துரதிர்ஷ்டவசமாக" என்ற சொல்லுக்கு ஜெர்மனில் ஆறெழுத்து. அது கடிதத்தின் இரண்டாவது வரியில் வரும். நாளாக ஆக முதல் வரியைப் படிப்பதையே விட்டுவிட்டேன்.

இரண்டாவது மாதம் பிறந்தபோது கிளப்பில் ஒரு சேதி. பக்கத்து நகரத்தில் ப்ரூனர் என்பவர் அருங்காட்சியகங்களுக்கு மாதிரி வடிவங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பழைய ரயில்களின் மாதிரிகளை வயதாக்க ஆள் தேடுகிறார். போன் செய்தேன். "உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும். குறிப்பாக வண்டிகள். சுவரை யார் வேண்டுமானாலும் அழுக்காக்கலாம், வண்டிதான் கஷ்டம்" என்றார். வருகிற புதன்கிழமை, மதியம் மூன்று மணி.

என் மின்சார ரயில் கடையில் வாங்கியதில்லை, யாரும் விற்பதுமில்லை. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி நாலு பெட்டி கட்டியிருந்தேன். நாலு மாதம் அழுக்கேற்றியிருந்தேன். கூரையில் மின்கம்பி உரசிய கரி. ஜன்னலுக்குக் கீழே யாரோ கை கழுவிய தண்ணீர் இறங்கிய தடம். வாசல்தோறும் உள்ளங்கை வளையம். பொடிக்கு மேலே வார்னிஷ் அடித்தால் அது நிற்கும். ஆனால் பாதிப் பொடியை வார்னிஷ் விழுங்கிவிடும், சாயல் செத்துப் போகும். அதனால் அடிக்கவில்லை. கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா?

4

அதற்கு நடுவில்தான் வைதேகியின் அம்மா வந்தார்.

மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர். என்ன தோன்றியதோ, விசாவுக்குத் தானே அலைந்து, தனியாக விமானம் ஏறி வந்துவிட்டார். வைதேகியின் அப்பா வழியனுப்பவும் வரவில்லை. எனக்கு வேலை போனதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வைதேகியிடம் கெஞ்சியிருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவன்போல நூலகத்துக்குப் போனேன்.

அவரை என்னவென்று கூப்பிடுவது? எங்கள் பக்கம் அத்தை. அவர்கள் பக்கம் மாமி. எதைச் சொன்னாலும் ஏதோ ஒரு வேலியைத் தாண்டுவதுபோல இருந்தது. பத்து நாளும் பெயரே சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேசினேன். அவரும் லேசுப்பட்டவரல்ல. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "வைதேகி, அவர் இன்னொரு கரண்டி ரசம் விட்டுக்கறாரான்னு கேளு" என்பார். வைதேகி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று கத்துவாள்.

ஆனால் மாம்பலத்தின் முன்னால் அவர் நாற்காலி போட்டு உட்காருவார். கடற்கரைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். சிறு வயதில் மேற்கு மாம்பலத்து வீடு. ஒரு தரம், யாரையும் பார்க்காமல், "லேடீஸ் பெட்டி இந்தப் பக்கம்னா நிக்கும்" என்றார். அவ்வளவுதான். நான் பெட்டியைத் திருப்பி வைத்தேன். அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன், இருவருமே கவனிக்காததுபோல இருந்தோம்.

5

புதன்கிழமை ஆயுத பூஜை என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. தெருவில் ஆட்டோக்காரர்கள் வாழைக்கன்று கட்டுவதையும் பொரி கொடுப்பதையும் பார்த்து வளர்ந்தவன், அவ்வளவே. அன்று காலை, சுவருக்கு இன்னும் கொஞ்சம் பசை தேவைப்பட்டுக் கிளப்புக்குப் போனேன். வைதேகி மொழி வகுப்புக்குப் போயிருந்தாள். பதினொன்றரைக்கு இரண்டு பேரும் படியில் சேர்ந்து ஏறினோம். கதவைத் திறந்ததுமே சாம்பிராணி.

ஹாலில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதன்மேல் வரிசையாக என் சைக்கிள் பம்ப், வைதேகியின் மடிக்கணினி, கத்தரிக்கோல், வண்ணம் தெளிக்கும் கருவி. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். அவற்றுக்கு நடுவே, நாலு பெட்டியும். பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, துடைத்து, கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இப்போதுதான் இறக்கியதுபோல மின்னின. முன்பெட்டியின் நெற்றியில் குங்குமம். எலுமிச்சம்பழம் இந்தச் சக்கரத்துக்குப் பெரிசு என்று நினைத்தாரோ என்னவோ, அதன் முன் நாலு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு மிளகு வைத்திருந்தார்.

நாலு மாத அழுக்கு, பழுப்புத் தண்ணீராகச் சமையலறைத் தொட்டியில் போயிருந்தது.

"யார் தொடச் சொன்னது?" என்றேன்.

"தூசியா இருந்தது. அதான்…"

"தூசியா? அது தூசியா?"

அப்போது நான் சொன்னதை எழுத வேண்டாம் என்று வைதேகி சொல்கிறாள். எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பொய்.

"உங்களுக்கெல்லாம் எதையும் கழுவாமத் தொட முடியாதில்ல?"

அவர் கையில் குங்குமச் சிமிழ். அதை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு தரம் திருகினார். பிறகு, முதல் தடவையாக, வைதேகியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"எங்காத்துல அவரோட ஸ்கூட்டர், என் டைப்ரைட்டர், வைதேகியோட சுருதிப் பெட்டி எல்லாத்துக்கும் இதான் பண்ணுவோம். எது சோறு போடறதோ அதைத் தொடைச்சு நமஸ்காரம் பண்ணணும். வேலை போயிடுத்து, இனிமே இந்த ரயில்தான் உங்களுக்குச் சோறு போடணும்னு நான் வந்தன்னிக்கே இவ சொன்னா. நீங்க தெனம் பையைத் தூக்கிண்டு போறதைப் பார்த்துண்டுதான் இருந்தேன். அதான், நன்னா இருக்கட்டுமேன்னு…"

முடிக்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வைதேகி என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "ஒன்பது மணி நேரம் ஃப்ளைட்ல உக்காந்து உன்கிட்ட இதைக் கேக்கத்தான் வந்தாளா?"

மூன்றரை மணி நேரம் இருந்தது. நாலு மாதத்தை மூன்றரை மணி நேரத்தில் திரும்ப ஏற்ற முடியாது. நாலு பெட்டிக்கும் அடிப்பூச்சு காயவே ஒரு நாள் வேண்டும். பொடி டப்பாக்களைத் திறந்தேன், மூடினேன். ஒரு பெட்டியின் வாசலில் விரலால் ஒற்றிப் பார்த்தேன். அழுக்கு மாதிரி இல்லை. அழுக்கு ஒட்டிய மாதிரி இருந்தது. துடைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

6

ப்ரூனர் மூன்று மணி அடிக்கும்போது வந்தார். உயரமான மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடி. வந்ததும் குனிந்தவர் பத்து நிமிடம் நிமிரவில்லை. ஜல்லியில் பிரேக் தூசியின் செம்பழுப்பைப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிழிந்த போஸ்டர்களை எண்ணினார். படிக்கட்டுச் சுவருக்கு வந்ததும் நின்றார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

சொன்னேன்.

"எல்லோருமா?"

"எல்லோரும் இல்லை. சிலர், தினமும்."

சிரித்தார். பிறகு முன்பெட்டியைக் கையில் எடுத்தார். சிரிப்பு போனது.

"இது புதிதாக இருக்கிறதே?"

உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் இன்று ஆயுதங்களுக்கான நாள். ரயில் நிலையத்திலும் பணிமனையிலும் வண்டிகளைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைப்பார்கள். ஓட்டுநர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் கிளப்புவார்கள். என் மனைவியின் அம்மா அதைச் செய்திருக்கிறார்.

"அப்படியானால் இன்று அந்த ஊரில் ரயில்கள் இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான்."

"அப்படியென்றால் இது சரி." பெட்டியை மெதுவாக மிளகின்மேலேயே திரும்ப வைத்தார். "ஆனால் நான் பார்க்க வந்தது அழுக்கை." கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னச் சரக்கு வேகனை எடுத்து மேஜையில் வைத்தார். வண்ணமே இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக். "ஒரு மணி நேரம் தருகிறேன்."

பிரஷ்ஷை எடுத்தேன். அப்போது உள்ளறையிலிருந்து வைதேகியின் அம்மா டபராவில் காபி கொண்டுவந்து என் வலது கைப் பக்கம் வைத்தார். ப்ரூனருக்கு ஒரு தட்டில் சுண்டல்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அதற்கு முன்னால் ஒரு உறவுச் சொல் வர வேண்டும். வரவில்லை.

"மூணாம் மனுஷா எதிர்ல என்ன அது? வேலையைப் பாருங்கோ."

பார்த்தேன். தண்டையார்பேட்டைப் பக்கம் சரக்குத் தண்டவாளத்தில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்குமே, அந்த வேகனைச் செய்தேன். மேற்குப் பக்கம் வெளுப்பு. அடியில் உப்புக்காற்றின் துரு. கதவைத் தள்ளித் தள்ளி நான்கு விரல் பதிந்த இடம். கரைந்து ஓடும் வண்ணம் காய நேரமில்லாததால் வைதேகியின் தலைமுடி உலர்த்தியை வைத்து ஊதினேன். ஒரு மணி நேரம் முடிந்தது. ப்ரூனர் சுண்டலை முழுசாகத் தின்று முடித்திருந்தார்.

வேகனைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எப்போது சேரலாம்?"

நான் அழுதேன் என்று வைதேகி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். கண்ணில் சாக்பீஸ் பொடி.

7

ஒப்பந்தத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். எண் சீட்டு, இரும்பு நாற்காலி, சுவரில் மலைப் படம். எனக்கு வாய்த்த அதிகாரி அம்மையார் நல்லவர். இதை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒப்பந்தத்தை இரண்டு தரம் படித்தார்.

"நீங்கள் படித்தது இயந்திரப் பொறியியல். இந்த வேலைக்கு அந்தப் படிப்பு தேவையா?"

பதற்றத்தில் என் ஜெர்மன் கழன்று விழுந்தது. இந்த வேலையில் எனக்குத் தேர்ச்சி உண்டு என்று சொல்ல நினைத்து, நான் மிகச் சிறப்பாக அசுத்தம் செய்வேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். பையிலிருந்து வேகனை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். கீழே வைத்ததும், துரு ஒட்டியிருக்கிறதா என்று தன் விரலைப் பார்த்துக்கொண்டார். ஒட்டவில்லை.

"பிளாஸ்டிக்கா?"

"ஆமாம்."

"அற்புதம்" என்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "ஆனால் இந்த வேலை உங்கள் தகுதிக்கான வேலையாகக் கணக்கில் வராது. இதற்கென்று மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது, அந்தச் சான்றிதழ் உங்களிடம் இல்லை. அது இல்லாமல் இது உதவியாளர் வேலை. உதவியாளர் வேலைக்கு அனுமதி தர எனக்கு வழியில்லை."

"நான் பார்த்த வேலையை நீங்களே இப்போது அற்புதம் என்றீர்களே?"

"நான் சொன்னேன். படிவம் சொல்லவில்லை."

மேல்முறையீடு செய்யலாமா என்றேன். செய்யலாம், அது முடிவதற்குள் என் கெடு முடிந்துவிடும் என்றார். ப்ரூனர் கடிதம் எழுதினார், போன் செய்தார், ஒரு நாள் நேரிலேயே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். எல்லாவற்றுக்கும் மரியாதையான பதில் வந்தது.

நான் அந்த அலுவலகத்துக்குப் போன வாரக் கடைசியில் வைதேகியின் அம்மா கிளம்பினார். விமான நிலையத்தில், "வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்கோ" என்றார். ஆத்துக்கு வாங்கோ என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்து வாய் திறந்ததையும், வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்து மூடியதையும் நான் பார்த்தேன். அவரால் முடிந்தது அதுதான்.

கன்னியப்பனுக்குச் சொன்னேன். "வுடு மச்சி. ஒரிஜினல் மாம்பலமே இங்க கீது, டூப்ளிகேட்டுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றான். வீடு பார்க்கச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டான். "அசோக் நகர்ல ஒண்ணு கீது. நல்ல வீடு. தண்ணி வருது. ஆனா…"

"ஆனா?"

"ஓனரு ஒண்ணு கேட்டாரு மச்சி. நான் பதில் சொல்லல. நீயே வந்து சொல்லிக்க."

பன்னிரண்டாவது.

8

நேற்று ப்ரூனர் ஒரு வேனோடு வந்தார். மாம்பலத்தை விமானத்தில் ஏற்ற முடியாது. என் பட்டறையில் வைத்துக்கொள்கிறேன், அருங்காட்சியகத்தில் ஒரு மூலை கேட்டிருக்கிறேன் என்றார். கையில் ஒரு படிவம். செய்தவர் பெயர், எந்த நாடு, எந்த ஊர். எவ்வளவு காலம் இங்கே இருக்கும் என்ற இடத்தில் அவரே 'வரம்பில்லை' என்று எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் கொடுத்த விண்ணப்பங்களில் உடனே ஏற்கப்பட்டது அதுதான்.

ஜனங்களைக் கழற்றிப் பஞ்சில் வைத்தோம். ரயிலை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்தோம். பிறகு ப்ரூனர் ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் தூக்கிக்கொண்டு ஹால் கதவுக்கு வந்தோம். வெளியே நடை குறுகலாகத் திரும்புகிறது. நேராக விட்டோம், போகவில்லை. சாய்த்தோம், மேம்பாலம் கதவு நிலையில் இடித்தது. செங்குத்தாக நிறுத்தினால் உத்தரம் தடுத்தது.

ப்ரூனர் பலகையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "கட்டுவதற்கு முன்னால் கதவை அளக்கவில்லையா? எல்லோரும் முதலில் அதைத்தானே அளப்பார்கள்."

அளக்கவில்லை. மரப்பலகை வாங்கிய அன்று கடைக்காரர்கூடக் கேட்டார். இதை ஒரு நாள் வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வெட்டத்தான் வேண்டும்" என்றார். "எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள்."

நடுவில் வெட்டினால் மேம்பாலம் போகும். கொஞ்சம் தள்ளினால் லேடீஸ் பெட்டி நிற்கும் இடம். இன்னும் தள்ளினால் பெரிய துண்டு நடையில் திரும்பாது. பென்சிலை எடுத்து, டிக்கெட் கவுன்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டேன். முதலில் தண்டவாளம், நாலையும் சின்ன ரம்பத்தால். பிறகு பலகை, பெரிய ரம்பத்தால். ப்ரூனர் சமையலறைக்குப் போய்ச் சன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

வைதேகி அந்தப் பக்கம் மண்டியிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்ததும் வழுக்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி வழுக்கியது.

"ஆடாம பிடி" என்றேன்.

"நான் ஆடலை, அருள்" என்றாள். "நீதான் ஆடிண்டிருக்கே."